உப்புக்காற்றில் ஒரு படக் களஞ்சியம்: இதழ் அலுவலகத்துக்குப் புதிதாக வருபவருக்கு

மாலை நான்கு மணி. பக்கங்கள் இரவுக்குள் சிவகாசி அச்சகத்துக்குப் போக வேண்டும். ஆசிரியர் கேட்கிறார்: "தனுஷ்கோடியில பூநாரை எறங்குன படம் ஒண்ணு இருந்துச்சே, நெட்டுவாக்குல எடுத்தது. அட்டைக்கு வேணும்." அப்படி ஒரு படம் இருக்கிறது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்த ஹார்ட் டிஸ்க்கில் என்று ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவில் இருக்கிறார். தேடிப் பிடித்தாலும் அடுத்த கேள்விகள் நிற்கும். எடுத்தது யார்? நம்மிடம் அதை ஒரு முறைக்கு மட்டும் கொடுத்தாரா? அட்டை அளவுக்குப் போதுமா, இல்லை வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததா?

இந்த நான்கு கேள்விக்கும் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தால்தான் அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம். டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட் என்று பெரிய பெயரில் விற்கப்படும் மென்பொருள்கள் எல்லாம் இதற்காகத்தான். ஆனால் வேலையில் பெரும்பகுதி மென்பொருளில் இல்லை. படத்தைப் பற்றித் தெரிந்ததை, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதிப் படத்தோடு ஒட்டி வைப்பதில் இருக்கிறது. ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் இரண்டு கேமராக்காரர்களும் ஒரு கணினியும் ஒரு பீரோ நிறைய நெகட்டிவும் வைத்து இதழ் நடத்தும் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியது இது.

முதலில் எண்ணுங்கள், வாங்காதீர்கள்

முதல் வாரம் எந்த மென்பொருளும் வேண்டாம். நீள நோட்டு ஒன்றும் ஸ்டிக்கர் ஒரு கட்டும் போதும். படம் தங்கியிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் ஒட்டுங்கள்: ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், டிவிடி, நெகட்டிவ் கவர், ஆல்பம், ஆசிரியரின் பழைய போன், அலுவலக வாட்ஸ்அப் குழு, மின்னஞ்சல் பெட்டி. நோட்டில் எண், பொருள், தோராயமாக எந்த ஆண்டுப் படங்கள், யாரிடம் இருக்கிறது, திறக்கிறதா என்று ஐந்து கட்டம் போதும்.

வீட்டில் எழுதிய டிவிடிகளை முதலில் நகலெடுங்கள். கடையில் வாங்கும் படத் தட்டு போல இவை அச்சில் வார்த்தவை அல்ல. சாய அடுக்கில் எழுதப்படுபவை. வெப்பத்திலும் ஈரத்திலும் சாயம் கெடும். அடுத்தது பழைய ஹார்ட் டிஸ்க்குகள். நம் பக்கம் கடற்காற்றில் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். செருகுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். மின்சாரம் கொடுத்ததும் டக் டக் என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் தட்டு கீறிப்போகும் தடவை. முக்கியமான படங்கள் என்றால் டேட்டா மீட்பவர்களிடம் அப்படியே கொடுங்கள்.

நகலெடுக்கும்போது அடுக்குகிறேன், பெயர் மாற்றுகிறேன் என்று இறங்காதீர்கள். டிஸ்க் எண் 7-இல் இருந்தது முழுக்க 7 என்ற பெட்டிக்குள் அப்படியே வரட்டும். பழைய ஃபோல்டர் பெயர் அசிங்கமாக இருந்தாலும் அதில் தகவல் உண்டு. "அண்ணன் ஊர் திருவிழா புதுசு 2" என்ற பெயரே பின்னால் ஒரு துப்பு.

மூன்று பெட்டிகள்

வட்டில் மூன்றே பெரிய ஃபோல்டர்கள். 10 என்பது வரவு: உள்ளே வந்து இன்னும் தேறாதவை. 20 என்பது மூலம்: தேர்ந்து, பெயரிட்டு, விவரம் எழுதியவை. 30 என்பது நகல்: லேஅவுட்டுக்காக கிராப் செய்தவை, நிறம் மாற்றியவை, இணையத்துக்குச் சுருக்கியவை. சுவரில் இந்த மூன்று எண்ணையும் எழுதி ஒட்டுங்கள்.

20-ஐத் தொட இருவருக்கு மட்டும் அனுமதி. மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி போதும். லேஅவுட்காரர் மூலத்தை நேரடியாகத் திறந்து சிஎம்ஒய்கேயாக (அச்சின் நான்கு மை நிறங்கள்) மாற்றி அதன் மேலேயே சேமித்துவிடுவதுதான் சின்ன அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் சேதம். கடல் நீலத்தில் பாதி அங்கேயே போய்விடும். மறுபடி கேமராவின் ஆர்ஜிபி நிறத்துக்கு மாற்றினாலும் திரும்பாது. சிஎம்ஒய்கே மாற்றம் எப்போதும் 30-இல்தான். எவ்வளவு மை தாங்கும் என்று அச்சகத்தைக் கேட்டு, அவர்கள் தரும் புரொஃபைலை (அந்த மைக்கும் தாளுக்கும் ஏற்ற நிற அமைப்பு ஃபைல்) வைத்து மாற்றுங்கள். செய்தித்தாளும் ஆர்ட் பேப்பரும் ஒரே அளவு மையைத் தாங்காது.

ஃபைல் பெயர்: எண் மட்டும்

20240809_03_0147. முதல் எட்டு இலக்கம் எடுத்த தேதி, ஆண்டு முன்னால். அடுத்த இரண்டு எடுத்தவரின் எண். கடைசி நான்கு அன்றைய வரிசை. அவ்வளவுதான். ஊர்ப்பெயர், "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" எதுவும் பெயரில் வேண்டாம். கேமரா தரும் பெயரையும் நம்பாதீர்கள். அதன் எண் 9999-க்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டு ஆண்டில் ஒரே பெயரில் இரண்டு படம் வந்து ஒன்று மற்றதை அழித்துவிடும்.

தேதி தெரியாத பழைய படத்துக்குத் தெரியாத இடத்தில் பூஜ்யம்: 19710000_90_0012 என்றால் 1971, மாதமும் நாளும் தெரியாது, எடுத்தவர் தெரியாது. 90 என்ற எண்ணைத் தெரியாதவருக்கென ஒதுக்கிவிடுங்கள். பிறகு தேதி தெரியவந்தாலும் ஃபைல் பெயரை மாற்றாமல், விவரத்தில் மட்டும் திருத்துங்கள். ஒருமுறை வைத்த பெயர் பக்கங்களிலும் பில்களிலும் ஏறியிருக்கும்.

தமிழில் பெயர் வைத்தால் என்ன குறை என்று கேட்கலாம். குறை தமிழில் இல்லை, குறியீட்டில். தனுஷ்கோடியில் வரும் 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ோ என்ற ஒரே குறியாக, அல்லது க-வுடன் ே, ா என்று இரண்டு குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. மேக் கணினியின் பழைய டிஸ்க் அமைப்பு இதைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். ஆக, ஒரே ஃபோல்டரில் தனுஷ்கோடி என்று இரண்டு ஃபைல் நிற்கும், அல்லது தேடினால் ஒன்றும் வராது. தொண்டியில் உள்ள 'தொ'வுக்கும் இதே கதை. பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு விதி வைக்க முடியுமா? எண்ணே நிம்மதி.

கேமரா கடிகாரம்

பேட்டரி முழுதும் இறங்கினால் சில கேமராக்கள் தேதியை மறந்து தொடக்க ஆண்டுக்குப் போய்விடும். வெளியே கிளம்பும் முன் போனில் ஓடும் கடிகாரத்தை ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கேமரா நேரம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அந்த ஒரு படம் சொல்லும், மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம். ஜிபிஎஸ் நேரம் வேறு. அது உலக நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். படகுத்துறையில் அதிகாலை 3 மணிக்கு எடுத்த படத்துக்கு ஜிபிஎஸ் தேதி முந்தின நாளாக இருக்கும். தேதி முரண்பட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

விவரம் எழுதுவது: இதுதான் வேலை

600 படம் எடுத்து வந்தால் 600-க்கும் விவரம் எழுத முடியாது. ஒரு படத்துக்கு 4 நிமிடம் என்றால் 600 படத்துக்கு 40 மணி நேரம் ஆகும். முதலில் சலியுங்கள்: ஃபோகஸ் தப்பியது, கண் மூடியது, ஒரே காட்சியின் இருபதாவது பிரதி எல்லாம் போகட்டும். ஆனால் கடலில் கைது, விபத்து, போராட்டம் போன்ற செய்திப் படங்களில் மட்டும் ஒன்றையும் அழிக்காதீர்கள், ரா ஃபைலோடு (கேமரா திருத்தாமல் தரும் மூலப்பதிவு) அப்படியே வையுங்கள். படம் திருத்தப்பட்டது என்று யாராவது சொன்னால் முன்னும் பின்னும் உள்ள படங்களே உங்கள் சாட்சி.

தேர்ந்த படத்துக்கு எழுத வேண்டியது என்ன? ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பாம்பன் சின்னப்பாலத்தில் பெண்கள் கடற்பாசி காயவைக்கிறார்கள். வழக்கமாக எழுதப்படுவது: "கடற்கரையில் பெண்கள்." இதை வைத்து எவரும் எதையும் தேட முடியாது. இப்படி எழுதுங்கள்:

தலைப்பு: பாசி உலர்த்தும் பெண்கள், பாம்பன்.
விவரம்: பாம்பன் சின்னப்பாலம், தென்கடல் கரை. மரிக்கொழுந்துப் பாசியை மணலில் பரப்பி உலர்த்தும் மூன்று பெண்கள். இடப்பக்கம் நிற்பவர் நெற்றியில் முங்குவதற்கான கண்ணாடி. விரல்களில் துணிச் சுற்று. 9.8.2024, காலை.
இடம்: சின்னப்பாலம், பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம், தமிழ்நாடு.
எடுத்தவர், கிரெடிட் வரி (படத்தோடு அச்சாகும் பெயர்), உரிமை: மூன்றும் தனித்தனிக் கட்டம்.
குறிப்பு: முகங்கள் அடையாளம் தெரியும். வாய்மொழி அனுமதி பெறப்பட்டது. பெயர் போட வேண்டாம் என்றார்கள்.

கண்ணில் படுவதை எழுதுங்கள். படத்தில் இல்லாத உணர்ச்சியை எழுதாதீர்கள். "வறுமையில் வாடும்" என்பது விவரம் அல்ல. விரலில் துணி சுற்றியிருப்பது விவரம். பாறையில் பாசி பறிக்கும்போது கை கிழியாமல் இருக்க அப்படிச் சுற்றுகிறார்கள் என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். எந்தப் பாசி என்று எடுத்தவருக்குத் தெரியாவிட்டால் அங்கேயே கேட்டுவரச் சொல்லுங்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காரியம் இல்லை அது.

எடுத்த நாளும் படத்தில் உள்ள நிகழ்வும் ஒன்றல்ல என்பதைப் பிரித்து எழுதுங்கள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம் படத்துக்கு "1964" என்று போட்டு வைப்பது இந்தக் கரையில் பெருவழக்கம். புயல் வந்தது 1964 டிசம்பர் 22 இரவு. படம் 1998-இல் எடுத்ததாக இருக்கலாம். நிகழ்வு ஒரு கட்டத்தில், எடுத்த ஆண்டு இன்னொரு கட்டத்தில். இல்லாவிட்டால் ஐம்பதாம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு என்று சிறப்பிதழ் வரும்போதெல்லாம் அதே பிழை அச்சேறும்.

"பாம்பன் பாலம்" என்ற குறிச்சொல்லும் ஒரு பொறி. அந்தப் பெயருக்கு மூன்று பாலங்கள். 1914-இல் திறந்து, 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பழைய ரயில் பாலம். அதன் நடுத்துண்டு இரு கைகள் போல மேலே விரியும். 1988-இல் திறந்த சாலைப் பாலம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். இதன் நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலேறும். மூன்றுக்கும் தனிச்சொல் வையுங்கள். ஒரே படத்தில் இரண்டு தெரிந்தால் இரண்டு சொல்லும் போகட்டும்.

சொற்பட்டியல் கட்டுவது

ஒருவர் ராமேஸ்வரம் என்று எழுதுவார், இன்னொருவர் இராமேசுவரம், மற்றொருவர் ராமேஸ்வரத்தின் ஓர் எழுத்தை விட்டுவிடுவார். ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு, முகவை எல்லாம் ஒரே ஊர். இதற்கு ஒரே மருந்து, எழுதிய பட்டியல்: ஒரு விரித்தாளில் இடப்பக்கம் நாம் எழுதும் சொல், வலப்பக்கம் மற்ற வழக்குகள். படத்தில் ஏற்றுவது இடப்பக்கச் சொல் மட்டும். தேடுபவர் எதைத் தட்டினாலும் இடப்பக்கத்துக்குப் போகும்படி மென்பொருளில் ஒத்தசொல்லாகச் சேர்க்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் பட்டியலை அச்சடித்து மேசையில் வையுங்கள்.

முதல் பட்டியல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். ஊர், தீவு, தொழில், படகு, வலை, மீன், திருவிழா, கட்டடம், பருவம் என்று பிரியுங்கள். கடற்கரைச் சொல்லில் கரைக்காரர் சொல்வதே முதன்மைச் சொல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ராமேஸ்வரம் தீவில் எந்த மீனவரும் இப்படித்தான் சொல்வார், படத்தைத் தேடும் நிருபரும் இப்படித்தான் கேட்பார். படகு என்ற ஒரே சொல்லில் விசைப்படகு, நாட்டுப்படகு, வத்தை எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். தடைக்காலம் என்ற சொல்லைத் தனியாக வையுங்கள்; கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஒவ்வோர் ஆண்டும் அந்தப் படம் கேட்பார்கள். கடல்பசுவை இந்தப் பக்கம் ஆவுளியா என்றும் சொல்வார்கள். அது வலப்பக்கத்தில் போகட்டும்.

ஒரு படத்துக்கு 6 முதல் 12 குறிச்சொல் போதும். 30 சொல் போட்டால் தேடலில் எல்லாப் படமும் எல்லாவற்றுக்கும் வரும். "அழகு", "இயற்கை", "கடல்" மூன்றையும் தடை செய்யுங்கள். நம் களஞ்சியத்தில் கடல் இல்லாத படத்துக்குத்தான் சொல் போட வேண்டும்.

தமிழ் எழுத்து உடையும் இடங்கள்

விவரம் ஃபைலுக்குள்ளேயே உட்கார வேண்டும். அதற்கு இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று பழைய ஐபிடிசி, 1990-களில் செய்தி நிறுவனங்களுக்காக வந்தது. மற்றது எக்ஸ்எம்பி. தமிழுக்கு எக்ஸ்எம்பிதான் வேண்டும். காரணம் அளவு. பழைய பெட்டியில் ஊர்ப்பெயர்க் கட்டத்துக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ராமேஸ்வரம் 10 குறி, 30 பைட், நுழைந்துவிடும். ராமநாதபுரம் 11 குறி, 33 பைட். ஒரு பைட் அதிகம். கடைசி 'ம்'மின் புள்ளி உடைந்து, பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி வைரம் நிற்கும். மாவட்டத் தலைநகரின் பெயரே நுழையாத பெட்டி அது. கிரெடிட் கட்டமும் அதே 32. குறிச்சொல் ஒன்றுக்கு 64. எக்ஸ்எம்பியில் இந்தக் கணக்கே கிடையாது.

மென்பொருள் எழுதியதை ஃபைலுக்குள் எழுதுகிறதா, தன் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறதா என்று முதல் நாளே சோதியுங்கள். படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதேபோன்ற டிஜிகேமிலும் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். சோதனை எளிது: ஒரு படத்தில் விவரம் எழுதி, அதை வேறு கணினிக்கு எடுத்துப்போய் வேறு மென்பொருளில் திறங்கள். தெரிந்தால் சரி. ரா ஃபைல்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு எக்ஸ்எம்பி ஃபைல் உருவாகும். படத்தை நகர்த்தும்போது அதை விட்டுவிட்டு வருவார்கள். இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும்.

2000-க்கு முன்பின் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்த பழைய விவரங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு கண்ணால் படியுங்கள். 'ௌ' வரும் இடத்தில் 'ெ'வும் 'ள'வும், துணைக்காலுக்குப் பதில் 'ர'வும் விழுந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் கண்ணை ஏமாற்றும், தேடலை ஏமாற்றாது.

வெளியிலிருந்து படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்ப வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் அளவு சுருங்கும், உள்ளே இருந்த தகவலும் போய்விடும்.

நெகட்டிவும் ஈரமும்

கடலோரத்தில் படச்சுருளின் முதல் எதிரி பூஞ்சை. காற்றின் ஈரம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நெகட்டிவ் பிழைக்கும்; நம் கரையில் திறந்த பீரோவில் அந்த அளவு கிடைக்காது. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுட்டால் மறுபடி வேலை செய்யும். கவர்கள் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். பிவிசி கவர் படலத்தோடு ஒட்டிக்கொள்ளும். கவரின் மேல் பென்சிலால் எழுதுங்கள், நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் படலம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். உடனே தனியே பிரித்து, ஸ்கேன் வரிசையில் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டிகளைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஸ்கேன் வேலையைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள்.

35 எம்எம் நெகட்டிவை 4000 பிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 பிக்சல்) ஸ்கேன் செய்தால் 5669க்கு 3780 பிக்சல் கிடைக்கும், முழுப்பக்கத்துக்குத் தாராளம். கறுப்பு வெள்ளையை 16 பிட் கிரேஸ்கேலில், தரம் குறையாத டிஃப் ஃபைலாக எடுத்தால் ஒரு படம் சுமார் 43 எம்பி. 5க்கு 7 அங்குலப் பிரின்ட்டுக்கு 600 பிபிஐ போதும். ஸ்கேனரில் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியைக் கறுப்பு வெள்ளைச் சுருளுக்குப் போடாதீர்கள். அதில் உள்ள வெள்ளித்துகளையே தூசி என்று எண்ணி முகத்தைக் கரைத்துவிடும். வண்ண நெகட்டிவுக்குப் போடலாம்.

நெகட்டிவின் மங்கலான பக்கம்தான் படம் பதிந்த மருந்துப் பக்கம், பளபளப்பது அடிப்பக்கம். மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிடும். படகின் பதிவு எண், கடைப் பலகை, சேலைத் தலைப்பு எந்தத் தோள் என்று ஒவ்வொரு ஸ்கேனிலும் பாருங்கள். எழுத்தே இல்லாத படம் திரும்பிக் கிடந்து, கோபுரம் கடலின் மறுபக்கம் போய் அச்சாகும். ஊர்க்காரர்தான் கண்டுபிடிப்பார், உடனே போன் வரும்.

உரிமை: மூன்று நிறம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 17-ஐ ஒருமுறையாவது படித்துவிடுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் புகைப்படக்காரர் இதழுக்காக எடுத்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இதழில் வெளியிடும் உரிமை மட்டும் இதழின் உரிமையாளருக்கு. மற்ற எல்லாம் எடுத்தவருக்கே. அந்தப் படத்தைக் காலண்டராக அடித்து விற்க வேண்டுமானால் அவரிடம் எழுதி வாங்க வேண்டும். வெளியாளிடம் பணம் கொடுத்து "இதை எடுத்துத் தா" என்று சொல்லி எடுக்க வைத்தால் சொன்னவரே முதல் உரிமையாளர். அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்ததை ஒருமுறை போட வாங்கினால் உரிமை அவரிடமே இருக்கும். உரிமையை மாற்றி எழுதுவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்பது பிரிவு 19. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. "பழைய படம்தானே" என்பது பதில் ஆகாது. குடும்ப ஆல்பத்திலிருந்து ஒருவர் கல்யாணப் படம் கொடுத்தால், அவர் கொடுத்தது காகிதம். உரிமை, பணம் கொடுத்து அதை எடுக்கச் சொன்னவரிடம் இருக்கலாம்.

இவ்வளவையும் மாலை நான்கு மணிக்கு யோசிக்க முடியாது. அதனால் படத்துக்கு நிறம் வையுங்கள். பச்சை: தடையின்றிப் போடலாம். மஞ்சள்: நிபந்தனை உண்டு, குறிப்பைப் படி. சிவப்பு: உரிமை தெரியவில்லை, தொடாதே. புதிதாக வரும் எல்லாப் படமும் சிவப்பில் தொடங்கட்டும்; கடிதமோ மின்னஞ்சலோ கிடைத்த பிறகே நிறம் மாற வேண்டும். அந்தக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து அதே எண்ணில் வையுங்கள். ட்ரோன் படம் என்றால் பறக்கவிட்ட அனுமதி விவரமும் சேரட்டும்; உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, பின்னால் கேள்வி வந்தால் தேடித் திரியக் கூடாது.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றச் செய்தியில் அடையாளம் தெரியும் படம் களஞ்சியத்தில் பூட்டிய ஃபோல்டரில் இருக்க வேண்டும். போக்சோ சட்டத்தின் பிரிவு 23-ம் சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 74-ம் வெளியிடுவதைத் தடுக்கின்றன. ஆறு ஆண்டு கழித்து வேறொரு கட்டுரைக்கு "பள்ளிச் சிறுமி" என்று தேடும்போது அது வந்து நிற்பதுதான் ஆபத்து.

இன்னொன்று இந்தக் கரைக்கே உரியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. இறங்குவதற்கு வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. தீவோரத்தில் பாசி எடுப்பவர் படம் ஜிபிஎஸ்ஸோடு இணையத்துக்குப் போனால் அதுவே அவர் மேல் வழக்குக்கு ஆதாரமாகலாம். மூலத்தில் இடம் இருக்கட்டும். வெளியே போகும் நகலில் ஜிபிஎஸ்ஸை நீக்கிவிடுங்கள். ஆமை முட்டையிடும் இடத்துக்கும் இதே விதி.

அளவும் மென்பொருளும்

ஏ4 முழுப்பக்கம், நான்கு புறமும் 3 மிமீ பிளீடோடு (வெட்டும்போது போகும் ஓரம்), 300 பிபிஐயில் 2551க்கு 3579 பிக்சல். இரட்டைப் பக்கம் 5031க்கு 3579. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000க்கு 4000 இரண்டுக்கும் போதும், பெரிதாக கிராப் செய்யாதவரை. படத்தின் நீளப் பக்கம் 3500 பிக்சலுக்குக் கீழே என்றால் "அட்டைக்கு ஆகாது" என்று ஒரு குறி போட்டுவிடுங்கள். 72 பிபிஐ என்று காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை, மொத்தப் பிக்சலைப் பாருங்கள்.

மென்பொருளில் ஒருவரே வேலை செய்தால் டிஜிகேம் போதும், இலவசம். பலர் உலாவியில் தேட வேண்டும் என்றால் ரிசோர்ஸ்ஸ்பேஸ், அதுவும் திறமூலம், ஆனால் சர்வர் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மொத்தமாக ஆயிரம் ஃபைலில் கிரெடிட் வரி ஏற்ற எக்ஸிஃப்டூல் என்ற கருவிக்கு இணை இல்லை. முதலில் பத்து நகலில் ஓட்டிப் பாருங்கள்.

நகல்: ஒன்று மதுரையில் இருக்கட்டும்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வேறு தெருவில் அல்ல, வேறு ஊரில். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் அலுவலகமும் ஆசிரியர் வீடும் ஒரே தண்ணீரில் நிற்கும். மதுரையிலோ திருச்சியிலோ உறவினர் வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வாருங்கள்.

அலுவலகத்தில் நாஸ் பெட்டி (எல்லாக் கணினிகளும் பகிரும் டிஸ்க் பெட்டி) வைத்தால் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில், ஜன்னலை விட்டு விலக்கி, யுபிஎஸ்ஸோடு. அதில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைத்திருந்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் படம் பிழைக்கும். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அது பேக்கப் ஆகாது. கிளவுடுக்கு ஏற்றுவதானால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 2 டெராபைட்டை 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற, ஒரு நிமிடம்கூட இணைப்பு அறாமல் இருந்தால், ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். மூலங்களில் பச்சை நிறத்தவற்றை மட்டும் முதலில் ஏற்றுங்கள்.

20-க்குள் ஒரு படம் போன அன்றே அதற்கு எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்துப் பட்டியலில் வையுங்கள். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கெட்டுப்போன பிரதியை நல்ல பிரதியின் மேல் எழுதிவிடாமல் அது காக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை வெளியூர் டிஸ்க்கிலிருந்தும் நாஸிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு 20 எண்களைத் தேர்ந்து, படத்தைத் திறந்து, எண் பொருந்துகிறதா, விவரம் தமிழில் தெரிகிறதா என்று பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பார்க்காத மாதத்துக்குக் கோடு போடாமல் காலியாக விடுங்கள். அடுத்து வருபவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.